ஆம்பளைகள் ரூம், பொம்பளைகள் ரூம்

யார் யார் எந்தக் குடிலில் என்று மட்டும் சொல்லிவிடுங்கள் மேடம், ஆதார் படங்களையும் குடில்வாரியாக அனுப்பிவிடுங்கள், மற்றதையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அந்த ஓட்டல்காரத் தம்பி செல்வின் எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டான். அவனுக்கு என்ன, அந்தமானில் உட்கார்ந்திருக்கிறான், போர்ட் பிளேயரிலிருந்து இன்னொரு கப்பல் ஏறிப் போக வேண்டிய குட்டித் தீவில். தாத்தா காலத்தில் நம்ம பக்கத்திலிருந்து போனவர்களாம், தமிழ் பேசும்போது நடுநடுவே இந்தி வந்து எட்டிப் பார்க்கிறது. சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டுமாம். மடியில் முறத்தை வைத்துக்கொண்டு முருங்கைக்கீரை ஆய்கிறேன், பக்கத்தில் போன் கிடக்கிறது, விரலெல்லாம் பச்சை, அதே விரலால் திரையைத் தடவி அவன் அனுப்பிய படங்களைப் பார்க்கிறேன். ஒரு குடில் கடலைப் பார்த்தபடி. இன்னொன்று பாக்குத் தோப்புக்குள், பின்னால். நடுவில் மணல் பாதை. வேறு யாராவது என்றால் கடலைப் பார்ப்பார்கள், அது என்ன நீலம், இப்படியும் ஒரு நீலம் உண்டா என்பார்கள். நான் சுவரைத் தேடுகிறேன். இரண்டு குடிலுக்கும் பொதுச்சுவர் இல்லை. பெரிதாக்கிப் பார்த்தும் இல்லை. இந்தக் குடிலில் பேசுவது அந்தக் குடிலுக்குக் கேட்காது. அது நல்லதா கெட்டதா என்று யோசித்தால், அது நான் எந்தக் குடிலில் இருக்கிறேன் என்பதைப் பொறுத்தது, அதைத்தான் அவனும் கேட்கிறான்.

எங்கே போனாலும் ஆம்பளைகள் ஒரு ரூம், பொம்பளைகள் ஒரு ரூம். இதை யார் முடிவு செய்தார்கள்? யாருமே இல்லை. பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது நாங்களும் என் வீட்டுக்காரரின் மில் சிநேகிதர் குடும்பமும் வேளாங்கண்ணிக்குப் போனோம், பிள்ளைகள் அம்மாக்களோடு, அப்பாக்கள் தனியே என்று அன்றைக்குத் தானாக அமைந்தது. அதற்கப்புறம் குற்றாலத்து மாடி வீடு, கன்னியாகுமரி, கொடைக்கானல், ஊட்டி. பிள்ளைகள் வளர்ந்து, அவர்களுக்குக் கல்யாணமாகி, பெங்களூருக்கும் துபாய்க்கும் போய், இப்போது நாங்கள் நாலு நரைத்த தலைகள்தான் மிச்சம், ஆனாலும் லாட்ஜ் கவுண்டரில் போய் நின்றவுடன் ஒரு சாவி அவர்கள் கைக்குப் போகும், ஒரு சாவி எங்கள் கைக்கு வரும். வீட்டில் ஒரே கட்டிலில்தான் படுக்கிறோம், யாரும் ஏன் என்று கேட்டதில்லை. தென்காசி ஸ்டேஷனைத் தாண்டினால் என் வீட்டுக்காரர் ஆம்பளையாகிவிடுகிறார், நான் பொம்பளையாகிவிடுகிறேன், அவ்வளவுதான், அப்புறம் சாப்பாட்டு மேசையில்தான் சந்திப்பு. இந்த வயதில் நான் போய், இல்லை, நானும் இவரும் ஒரு ரூமில் இருக்கிறோம் என்று சொன்னால் எப்படி இருக்கும்? எஸ்தர் மதினி முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிப்பார். ஐசக் அண்ணன் ஆயுசு முழுக்கச் சொல்லிக் காட்டுவார், தங்கச்சிக்கு இப்பத்தான் தேனிலவு என்று. ஐசக் அண்ணன்.

எனக்கு ஐசக் அண்ணன் மேல் பொறாமை. சொல்லிவிட்டேன், முறத்துக்கும் கீரைக்கும்தான் கேட்டது. அதுவும் சாதாரணப் பொறாமை இல்லை, வயிற்றில் அமிலம் ஊறுகிற மாதிரியான பொறாமை. அவர் இடத்தில் ஒரு பெண் இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியம். சண்டை போட்டிருக்கலாம், பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போயிருக்கலாம், நாலு பேர் என் பக்கம் பேச வந்திருப்பார்கள். என் புருஷன் அவருடைய நண்பரிடம் பேசுகிறார் என்று யாரிடம் போய் அழுவது? கை நீட்டி அடிக்கிறாரா, குடிக்கிறாரா, சீட்டாடுகிறாரா? இல்லை. திருமலைக்கொழுந்து மாதிரி ஒரு மனுஷன் உண்டா என்று தெருவே சொல்கிறது. நூற்பாலையில் அவர் ஸ்பின்னிங்கில், ஐசக் அண்ணன் எலக்ட்ரிகலில், சேர்ந்த நாளிலிருந்து ஒரே ஷிப்ட், ஒரே டீக்கடை. வீட்டுக்கு வந்தால் ஒரு ம், ஒரு சரி, ஒரு மோர் இருக்கா. கல்யாணமான புதிதில் கேட்டேன், ஏன் என்னிடம் ஒன்றும் பேச மாட்டேன் என்கிறீர்கள் என்று. பகலெல்லாம் மிஷின் சத்தம் உலகு, வீட்டுலயாவது அமைதியா இருக்கட்டுமேன்னுதான் என்றார். உலகம்மாள் என்ற பெயரை அவர் மட்டும்தான் உலகு என்பார், அந்த ஒரு சொல்லுக்காக நானும் பெரிய மனது பண்ணி விட்டுக்கொடுத்தேன். அதே மிஷின் சத்தத்தில்தானே ஐசக் அண்ணனும் நின்றார்? அவரிடம் மட்டும் வாய் எப்படித் திறக்கிறது? வாசல் கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரை ஸ்டாண்ட் போடாமல் காலை ஊன்றி நின்றுகொண்டு பேசுவார்கள் பாருங்கள், பேச்சு, சிரிப்பு, மறுபடி பேச்சு. ஜன்னல் வழியாகப் பார்ப்பேன், இவர் கையை ஆட்டி ஆட்டி என்னவோ நடித்துக் காட்டுவார், எனக்குத் தெரியாத ஒரு ஆள். ஸ்கூட்டர் கிளம்பிப் போகும். இவர் உள்ளே வருவார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வருகிற மாதிரி சிரிப்பையும் வெளியே கழற்றிவிட்டு வருவார்.

லாட்ஜ்களில் சுவர் இருந்தது. அதனால்தான் நான் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாப் பயணத்துக்கும் போனேன் என்று நினைக்கிறேன். என் கட்டிலை எப்போதும் அவர்கள் ரூம் பக்கத்துச் சுவரோரமாகப் பிடித்துக்கொள்வேன், எனக்கு ஃபேன் காற்று ஆகாது மதினி என்று ஒரு பொய். எஸ்தர் மதினி முழங்கால் போட்டு, முக்காடு போட்டு, வாய்விட்டு ஜெபம் பண்ணுவார், அவர் ஜெபத்தில் என் மகன் பெயர், மருமகள் பெயர், எங்கள் வீட்டுப் பூனை வரை வரும். அது முடிந்து விளக்கை அணைத்துப் படுத்த பிறகும் அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பார், நான் ம் கொட்டிக்கொண்டு காதைச் சுவரில் வைத்திருப்பேன். சொல் கேட்காது, குரல்தான் கேட்கும், பானைக்குள் பேசுகிற மாதிரி. அதில் என் பெயர் வருகிறதா என்று தேடுவேன். வந்தால் என்ன சொல்வார் என்று பயம், வரவில்லையே என்று அதைவிடப் பயம். போன வருஷம் மைசூரில் டம்ளரைக் கவிழ்த்துச் சுவரில் வைத்துக்கூடக் கேட்டேன், சிரிக்காதீர்கள், பேரன் எடுத்தவள் செய்கிற காரியமா என்றால் இல்லைதான். அன்றைக்குத்தான் ஒரு சொல் தெளிவாகக் கேட்டது. பயமா இருக்குடா என்றார். என் வீட்டுக்காரர் குரல். பயமா இருக்குடா ஐசக்கு. அதற்கப்புறம் குரல் தணிந்துவிட்டது. என்ன பயம், எதற்குப் பயம், இந்த மனுஷனுக்குப் பயம் என்று ஒன்று உண்டா, என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லையே என்று உடம்பெல்லாம் காதாகிக் கிடந்தேன். எனக்குப் பின்னால் எஸ்தர் மதினி மெல்லிய குரலில் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தார். தூங்குங்க மதினி, ஒண்ணும் இருக்காது என்றேன், அவர் பேச்சை நிறுத்தினால்தானே எனக்கு அந்தப் பக்கம் கேட்கும்.

என்ன பயம் என்று ஒரு கல்யாண வீட்டில் தெரிந்தது. பந்தியில் எனக்கு எதிரே ஐசக் அண்ணன், இலையில் பாயசம் விழுந்துகொண்டிருக்கிறது, அவன் மாத்திரையை ஒழுங்காப் போடுதானா தங்கச்சி என்று கேட்டார். எந்த மாத்திரை? அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. நெஞ்சில் வலி, மைசூரில் இருந்தபோதே வலி, ஊருக்கு வந்த மறுநாளே ஐசக் அண்ணன் திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பெரிய டாக்டரிடம் காட்டி, குழாய் விட்டுப் பார்த்து, அடைப்பு பெரிதாக இல்லை, மாத்திரையில் சரிசெய்துவிடலாம் என்று சொல்லி, எல்லாம் முடிந்திருக்கிறது. மில்லில் பென்ஷன் வேலை என்று சொல்லிவிட்டுப் போனார்கள் அன்றைக்கு, நான் எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்தேன். என் புருஷனின் நெஞ்சு ஐசக் அண்ணனுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. நீ பயந்துருவன்னுதான் சொல்லலை என்றார் வீட்டுக்கு வந்ததும். அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. அன்றிலிருந்து ஒரு நினைப்பு விடாமல் சுற்றுகிறது, கீரை ஆய்கையில், கோலம் போடுகையில், பஸ்ஸில் போகையில். இவர் ஒரு நாள் போய்விடுவார். எனக்கு முன்னால்தான் போவார், தெரியும். வாசலில் பந்தல் போட்டு நாற்காலி போட்டிருப்பார்கள், வருகிறவர்கள் எல்லாரும் ஐசக் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். எல்லாம் அவரிடம் இருக்கும். என்ன ஆசைப்பட்டார், எதைக் கண்டு பயந்தார், யாரை மன்னிக்கவில்லை, எல்லாம். என் புருஷன் யார் என்று நான் ஐசக் அண்ணனிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சீ, என்ன நினைப்பு இது, வெள்ளிக்கிழமையும் அதுவுமாக. கீரையில் ஒரு புழு. எடுத்துப் போட்டாயிற்று.

அதனால்தான் இந்தத் தீவு. அப்பா ரிடையரானதுக்கு எங்கேயாவது போய்விட்டு வாருங்கள் என்று மகன் சொன்னபோது சிங்கப்பூர் வேண்டாம், துபாய் வேண்டாம், அமைதியான இடமாகப் பார் என்றேன். கடை கிடையாது, தியேட்டர் கிடையாது, போன் சிக்னல்கூடச் சரியாகக் கிடைக்காது என்று செல்வின் சொன்னபோது எல்லாரும் தயங்குவார்களாம், எனக்கு வாயெல்லாம் பல். இவர் ஐசக் அண்ணனிடம் சொல்லாமல் இருப்பாரா, அன்றைக்கே டீக்கடையில் முடிவாகிவிட்டது, அவர்களும் வருகிறார்கள். வரட்டும். பாக்குத் தோப்புக்குள் இருக்கட்டும். கடல் பக்கத்துக் குடில் வாசலில் இரண்டு பிரம்பு நாற்காலி போட்டிருக்கிறது, படத்தில் தெரிகிறது. ஒன்றில் இவர், ஒன்றில் நான். முதல் நாள் ம். இரண்டாம் நாள் இங்க மோர் கிடைக்குமா. அப்புறம்? எதிரே அத்தனை தண்ணீர், வேறு ஒரு ஆள் இல்லை, மனுஷன் எவ்வளவு நேரம்தான் வாயை மூடிக்கொண்டு இருப்பார். ஒரு கட்டத்தில் உலகு என்பார். அதற்கப்புறம் வருகிறதை நான் நூல் அறுந்துபோகாமல் பிடித்துக்கொள்வேன். சரி, அங்கேயும் பேசவில்லை என்றால்? இந்த இடத்துக்கு வந்தவுடன் மனசு முள்ளில் மாட்டின சேலை மாதிரி நின்றுவிடுகிறது. இதுவரை ஐசக் அண்ணன் என்று ஒரு காரணம் இருந்தது. நடுவில் அவர் இல்லாமல், சுவர் இல்லாமல், மில் இல்லாமல், இரண்டு நாற்காலியும் ஒரு கடலும் மட்டும் இருந்து, அப்போதும் இந்த மனுஷனுக்கு என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை என்றால் அப்புறம் யாரைத் திட்டுவது. பேசாமல் எப்போதும் போலவே அனுப்பிவிடலாம். சாவி இரண்டு, ஆம்பளைகள் ஒன்று, பொம்பளைகள் ஒன்று. நான் பாட்டுக்குப் பொறாமைப்பட்டுக்கொண்டே இருந்துவிட்டுப் போகிறேன், பழகிவிட்டது.

இல்லை. அனுப்பப் போகிறேன். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நாலு ஆதாரையும் தேடி எடுத்தேன். ஐசக் அண்ணன் ஆதாரில்கூடச் சிரிக்கிறார், அதை யார் அனுமதித்தார்கள் என்று தெரியவில்லை. இவர் யாரோ பிடித்து வைத்த மாதிரி முறைக்கிறார். இவருக்குப் பக்கத்தில் என் படத்தை வைத்தேன். கடல் பார்த்த குடில், திருமலைக்கொழுந்து, உலகம்மாள். தோப்புக் குடில், ஐசக், எஸ்தர். விரல் அழுத்திவிட்டது. நெஞ்சு அடித்துக்கொள்கிறது, வீட்டுக்குத் தெரியாமல் ஓடிப்போகிற பெண்ணுக்கு இப்படித்தான் இருக்கும்போல, சொந்தப் புருஷனோடு ஓடிப்போவதற்கு இத்தனை படபடப்பா. இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டது. ஒரு கட்டைவிரல் வந்தது. கன்பர்ம் மேடம் என்று வந்தது. போன் அடித்தது, செல்வின்தான் என்று எடுத்தால் எஸ்தர் மதினி.

"என்ன மதினி, சாப்ட்டாச்சா? ரூம் விஷயமா அந்தத் தம்பி பேசிட்டானா? நம்ம ரூமு கடலைப் பாத்தாப்ல இருக்கும்லா?" என்றார். நம்ம ரூம். போட்டு உடைத்துவிடுவோம் என்று, இல்லை மதினி, இந்தத் தடவை நீங்களும் அண்ணனும், நானும் இவுகளும் என்று ஒரு வழியாகச் சொன்னேன். சிரிப்பார் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. "அப்படியா," என்றார். "நல்லதுதான். உங்களுக்கும் ஆசை இருக்கும்லா. இல்ல, நான் எதுக்குச் சொல்லுதேன்னா, அவுக வீட்டுல வாயே திறக்க மாட்டாக மதினி. எல்லாத்தையும் உங்க வீட்டு அண்ணன்கிட்டக் கொட்டிட்டு, காலிக் குடமாத்தான் வீட்டுக்கு வருவாக. நான் அதைப் பெருசா எடுத்துக்கிட மாட்டேன். எனக்குப் பேசுறதுக்கு நீங்க இருக்கீகள்ல. வருசத்துல அந்த நாலு ராத்திரி போதும் எனக்கு."

ஐசக் அண்ணன் வீட்டில் வாயே திறக்க மாட்டாராம். அப்படியென்றால் அங்கேயும் ஒரு ம், ஒரு சரி. இத்தனை வருஷமாக நான் எரிந்ததெல்லாம், அந்த வீட்டில் பேச்சும் சிரிப்புமாக வழிந்து, வழிந்தது போக மிச்சம் என் புருஷனுக்கு என்று நினைத்துத்தான். ஒரு சின்னச் சந்தோஷம்கூட வந்தது, நல்லா வேணும் என்கிற மாதிரி, வெட்கம் கெட்ட மனசு. அதற்குள் மதினி குரலைத் தணித்துக்கொண்டார், பக்கத்தில் யாரும் இல்லாத வீட்டில் எதற்குத் தணிக்க வேண்டும். "மைசூர்ல சொன்னேம்லா மதினி. அதைப் பத்திக் கொஞ்சம் பேசணும்னு இருந்தேன். தீவுல வச்சுச் சாவகாசமாச் சொல்லலாம்னு பாத்தேன்."

எது என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். மைசூரில் மதினி என்ன சொன்னார்? விளக்கு அணைந்திருந்தது, ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, டம்ளர் விளிம்பு காதில் அழுந்தி வலித்தது, இவர் பயமா இருக்குடா என்றார். மதினி என்ன சொன்னார்? எவ்வளவு தோண்டினாலும் பின்னால் ஒரு முணுமுணுப்புதான் இருக்கிறது, சொல் ஒன்றுகூட இல்லை. "சொல்லுங்க மதினி," என்றேன். "அந்தக் கட்டிதான்," என்றார். "இடது பக்கம், மார்ல. அன்னைக்குப் பட்டாணி மாதிரி இருக்குன்னு சொன்னேம்லா, உங்க கையை எடுத்து வச்சுப் பாக்கச் சொல்லலாமான்னுகூட நெனச்சேன், வெக்கமா இருந்துச்சு. இப்ப அது கொஞ்சம் பெருசாயிருக்கு மதினி. வலியெல்லாம் இல்ல. ஒரு இடத்துல தோலு மட்டும் உள்ள இழுத்தாப்ல இருக்கு."

டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டேன். என் குரல் எனக்கே பானைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. "எதுக்கு? நீங்கதான் அன்னைக்குச் சொன்னீகளே, தூங்குங்க, ஒண்ணும் இருக்காதுன்னு. நீங்க விவரம் தெரிஞ்சவுக, ஒண்ணுமில்லாட்டா ஒண்ணுமில்லன்னு சொல்லுவீக. அதுக்கப்புறம் நான் நிம்மதியாத் தூங்கிட்டேன் மதினி. யார்ட்டயும் சொல்லலை. அவுகளுக்குக்கூடத் தெரியாது. உங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரே ராத்திரி, ஒரே சுவர், அந்தப் பக்கம் ஒருவர் பயமாக இருக்கிறது என்றார், இந்தப் பக்கமும் ஒருவர் பயமாக இருக்கிறது என்றார். அந்தப் பக்கம் கேட்டவர் ஊருக்கு வந்த மறுநாளே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். அந்த மனுஷனைத்தான் நான் ஒரு வருஷமாகக் கரித்துக் கொட்டுகிறேன். இப்போதும் கரிக்கிறது, பொறாமை அப்படியொன்றும் போய்விடவில்லை, ஆனால் அதை வைத்துக்கொண்டு உட்கார எனக்கு இப்போது நேரமில்லை. ஒரு வருஷம். பட்டாணி. தோல் உள்ளே இழுத்திருக்கிறது. முறத்தை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை, கீரை தரையெல்லாம் கிடக்கிறது. "மதினி, சேலையை மாத்திட்டு ரெடியா இருங்க, நான் ஆட்டோ எடுத்துட்டு வாரேன்," என்றேன். "எங்க?" என்றார். "திருநெல்வேலிக்கு." "தீவுக்குப் போயிட்டு வந்து பாத்துக்கிடலாமே மதினி, டிக்கெட்டெல்லாம் போட்டாச்சே." "தீவு எங்கயும் போயிராது, நீங்க கிளம்புங்க," என்று சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது, நல்லவேளை அதற்குள் வைத்துவிட்டார்.

ஆட்டோ வந்து நிற்கவும் ஸ்கூட்டர் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. என் வீட்டுக்காரர் பின்னால் உட்கார்ந்து எதையோ சொல்லி முடித்திருக்கிறார், ஐசக் அண்ணன் முகத்தில் சிரிப்பு இன்னும் பாக்கி. "என்ன தங்கச்சி, ரூம் போட்டாச்சா? எங்க ரூம்ல கடல் தெரியுமா?" என்றார். நான் அவரைப் பார்த்தேன். அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. அவர் வீட்டு விஷயம், அவரைத் தவிர்த்து என் கையில். எத்தனை வருஷம் இதற்காக ஏங்கியிருப்பேன், ஒரே ஒரு தடவை, நான் அறிந்து இவர் அறியாமல் நிற்க வேண்டும் என்று. இப்போது சும்மா மதினியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். மதினியும் அதைத்தான் விரும்புவார். அந்த மனுஷனும் ஒரு பந்தியில் உட்கார்ந்து தெரிந்துகொள்ளட்டும்.

"அண்ணே, வண்டியை இங்கயே விடுங்க," என்றேன். "மதினியைக் கூட்டிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகணும். நீங்களும் ஏறுங்க."

என் வீட்டுக்காரர் ஒன்றும் கேட்காமல் ஸ்கூட்டர் சாவியைப் பிடுங்கிக்கொண்டு டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஐசக் அண்ணன் நின்ற இடத்திலேயே நின்றார்.

"ஏன் தங்கச்சி," என்றார், "அவளுக்கு என்ன?"

அவர் மனைவிக்கு என்னவென்று என்னிடம் கேட்டார்.

"ஏறுங்க அண்ணே," என்றேன். "மதினியே சொல்லட்டும். இன்னைக்கு நாம ரெண்டு பேரும் கேப்போம்."